கறுப்புத் தாள்

அனிமேஷனில் பின்னணிக் காட்சிகளை வெளிர் நிறத் தாளில் தீட்டுவதுதான் நெடுங்கால வழக்கமாக இருந்தது. அப்படித் தொடங்கும் ஓவியர் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு போவார். அவர் தொடாமல் விட்ட இடத்தில் வெளிச்சம் தானாகவே தங்கிவிடும். ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்’ தொடருக்காக அதன் படைப்பாளிகளில் ஒருவரான எரிக் ரடோம்ஸ்கி கறுப்புத் தாளைக் கையில் எடுத்தார். அதில் தொடாமல் விட்ட இடமெல்லாம் இரவாகவே கிடக்கும். எந்த ஜன்னலில் விளக்கு எரிய வேண்டும், எந்தக் கூரையின் விளிம்பில் நிலவு பட வேண்டும், எந்த முகத்தின் பாதி தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் முடிவுசெய்த பிறகே தூரிகை தாளைத் தொட முடியும். இன்னொரு படைப்பாளியான புரூஸ் டிம் வரைந்த உருவங்களும் இதற்கு இசைவானவை. கோடுகள் மிகக் குறைவு, தாடை ஒரு சதுரம், மேலங்கி ஒரு கறுப்புத் திட்டு. ஃபிளைஷர் ஸ்டூடியோ தொடங்கிவைத்து, 1941 முதல் 1943 வரை வெளியான சூப்பர்மேன் குறும்படங்களின் சாயல் அதில் உண்டு. 1992 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் அலைவரிசையில் குழந்தைகளுக்கான நேரத்தில் தொடர் தொடங்கி, மூன்று ஆண்டுகளில் 85 அத்தியாயங்கள் வந்தன. தொடக்கக் காட்சி ஒரு நிமிடம் ஓடும். அதில் வசனம் இல்லை, தொடரின் பெயர் இல்லை, நாயகனின் பெயரும் இல்லை. ஒரு வங்கி வெடிக்கிறது, இரண்டு திருடர்கள் கூரைமேல் ஓடுகிறார்கள், மின்னல் வெட்டும்போது உச்சியில் நிற்பவன் யாரென்று நமக்குத் தெரிகிறது. அவ்வளவுதான்.

முப்பது ஆண்டுகள் கழித்து இத்தொடரைத் திரும்பப் பார்க்கும்போது முதலில் உறைப்பது, இதன் வாரிசுகள் இதைத் தவறாகப் படித்துவிட்டார்கள் என்பதே. சூப்பர்ஹீரோ கதை ‘இருண்டதாக’ இருக்க வேண்டும் என்பது இன்று ஒரு வாய்பாடாகிவிட்டது. அந்தச் சொல்லுக்குக் கொடுக்கப்படும் பொருள் பெரும்பாலும் கொடூரம்: எலும்பு முறியும் ஓசை, நீண்ட சித்திரவதைக் காட்சி, எதிலும் நம்பிக்கையற்ற நாயகன். இந்த மரபின் பெரும்பகுதி தன் மூதாதையாக 1992-இன் தொடரைச் சுட்டிக்காட்டும். ஆனால் அங்கே இருளுக்கு இருந்த வேலை வேறு. சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அடிபட்ட ஒரு முகத்தின் மேல் பார்வையாளரின் கண்ணை நிறுத்திவைப்பதற்காகவே அந்தக் கறுப்பு பயன்பட்டது. அடிபட்ட முகம் பெரும்பாலும் வில்லனுடையது. பேட்மேன் அங்கே வெற்றிபெறுபவனாக இருப்பதைவிட, அந்த முகத்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நிற்பவனாகவே அதிகம் இருக்கிறான். இத்தொடரின் மையம் இரக்கம்; அதன் ஓவியமுறையும் ஒலியும் தணிக்கையோடு அது செய்துகொண்ட சமரசங்களும்கூட அந்த இரக்கத்திற்குத்தான் உழைத்தன. இக்கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

இதற்கு முதல் சாட்சி ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’. 1992 செப்டம்பர் 7 அன்று ஒளிபரப்பானது. பால் டினி எழுத, புரூஸ் டிம் இயக்கினார். மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற பாத்திரம் 1959-இலேயே காமிக்ஸில் வேறொரு பெயரில் அறிமுகமாகிவிட்டவன்தான். ஆனால் பனித் துப்பாக்கி வைத்துக்கொண்டு திருடும் ஒரு கோமாளி என்பதற்கு மேல் அவனுக்கு வாழ்க்கை இருக்கவில்லை. டினி அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தார், பெயர் நோரா. தீராத நோயில் விழுந்த அவளை, மருந்து கண்டுபிடிக்கும் நாள் வரை உறைநிலையில் வைத்துக் காக்கிறான் விஞ்ஞானி விக்டர் ஃப்ரைஸ். அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் தலைவன் ஃபெரிஸ் பாய்ல் செலவுக் கணக்கு சொல்லி, காவலர்களோடு வந்து கருவியை நிறுத்தச் சொல்கிறான். தடுக்கும் ஃப்ரைஸை எட்டி உதைக்கிறான். ரசாயனங்கள் சரிந்து விழுகின்றன. குளிருக்கு வெளியே உயிர்வாழ முடியாத உடலோடு ஃப்ரைஸ் மிஞ்சுகிறான். இந்த முன்கதையை ஃப்ரீஸ் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவன் தன் ஆய்வுக்காக ஓடவிட்டிருந்த ஒளிப்பதிவில் அது தற்செயலாகப் பதிந்திருக்கிறது. நிறுவனத்துக்குள் ரகசியமாக நுழைந்த பேட்மேன் அதைத் தனியே பார்க்கிறான். பேட்மேனோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். அந்தக் கணத்தில் துப்பறியும் கதை நின்றுபோய்விடுகிறது. குற்றவாளியைத் தேடிப் போனவன் ஒரு குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறான். பிறகு சண்டை நடக்கத்தான் செய்கிறது. ஜலதோஷம் பிடித்திருந்த பேட்மேனுக்கு அவன் பணியாள் ஆல்ஃபிரட் கொடுத்தனுப்பிய சூடான கோழி சூப் ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசத்தை உடைக்கிறது. ஆனால் ‘சிறந்த மனிதநேயர்’ விருது வாங்கிக்கொண்டிருந்த பாய்ல் இடுப்புவரை உறைந்து நிற்க, பேட்மேன் ஒளிநாடாவைச் செய்தியாளரிடம் கொடுத்துவிட்டு அவனை அப்படியே விட்டுப் போகிறான். கடைசிக் காட்சியில் ஆர்க்கம் மனநலக் காப்பகத்தின் குளிரறையில் ஃப்ரீஸ் ஒரு கண்ணாடி உருண்டையை ஏந்தியிருக்கிறான். அதற்குள் ஆடும் சிறுபெண் பொம்மை. வெளியே பனியில் பேட்மேன் நின்று பார்க்கிறான். இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தக் கதை எழுத்துக்காக டேடைம் எம்மி விருது பெற்றது. அதைவிடப் பெரிய அங்கீகாரம், காமிக்ஸ் உலகம் தன் பழைய ஃப்ரீஸைக் கைவிட்டு டினியின் ஃப்ரீஸை ஏற்றுக்கொண்டதுதான். 2012-இல் வந்த ஒரு காமிக்ஸ் இதழ் அதையும் மாற்றிப் பார்த்தது. நோரா அவன் மனைவியே அல்ல, அவன் பிறப்பதற்கு முன்பே உறையவைக்கப்பட்ட யாரோ ஒருத்தி, உறவு அவன் மனம் கட்டிய கற்பனை என்றது. அதிர்ச்சி கூடியது, துயரம் காணாமல் போனது. இருளைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு, அந்த இருள் எதற்காக இருந்ததோ அதைத் துடைத்தெறிந்த செயல் அது. காமிக்ஸ் பின்னாளில் பழைய நோராவிடமே திரும்பியதில் வியப்பில்லை.

குழந்தைகள் நேரத்தில் ஒளிபரப்பான தொடர் என்பதால் அலைவரிசையின் தணிக்கை கடுமையாக இருந்தது. சாவைக் காட்டக் கூடாது, ரத்தம் கூடாது, குழந்தை ஆபத்தில் இருப்பதைக் காட்டுவதில் கட்டுப்பாடு என்று பல. கலைஞனின் கையைக் கட்டினால்தான் நல்ல கலை பிறக்கும் என்ற வாதம் எனக்கு உடன்பாடானதல்ல. பெரும்பாலும் கட்டிய கை மரத்துத்தான் போகும். ஆனால் இந்தக் குழு மறைக்கச் சொன்னதை மறைத்த விதத்தில் ஒரு தெளிவு இருந்தது. ‘ராபின்ஸ் ரெக்கனிங்’ இரட்டை அத்தியாயத்தில் பின்னாளில் ராபினாகும் சிறுவன் டிக்கின் பெற்றோர் சர்க்கஸ் கூடாரத்தில் ஊஞ்சலிலிருந்து விழுந்து சாகிறார்கள். நாம் அதைப் பார்ப்பதில்லை. அவர்களுடைய நிழல்கள் ஆடி மறைகின்றன, பிறகு அறுந்த கயிறு மட்டும் வெறுமையாகத் திரும்பி வருகிறது. விழும் உடலைக் காட்டியிருந்தால் நாம் கீழே பார்த்திருப்போம். கயிறு திரும்பி வருவதால், மேலே தனியே நின்று பார்க்கும் பையனின் கண்ணில் நாம் இருக்கிறோம். அதேபோல் ‘ட்ரீம்ஸ் இன் டார்க்னஸ்’ அத்தியாயத்தில் பேட்மேனாகிவிட்ட புரூஸ் வெய்னின் பெற்றோர் கொலை ஒரு பயங்கனவாக வருகிறது. தாயும் தந்தையும் ஒரு சுரங்கவழியை நோக்கி நடக்கிறார்கள், மகன் பின்னாலிருந்து கத்துகிறான், சுரங்கத்தின் வாய் மெல்ல ஒரு பிரம்மாண்டமான துப்பாக்கிக் குழலாக மாறுகிறது. சந்தில் ஒருவன் சுடுவதைக் காட்டுவதைவிட இது உண்மைக்கு நெருக்கமானது. நாற்பது வயதிலும் அந்தப் பையனுக்கு உலகம் அந்தக் குழலாகத்தான் தெரியும். அதனால்தான் ‘ராபின்ஸ் ரெக்கனிங்’ முடிவில், பெற்றோரைக் கொன்றவனைத் தேடும் வேட்டையில் ராபினைச் சேர்க்க பேட்மேன் ஏன் மறுத்தான் என்பது தெரியவரும்போது அது மனத்தில் தைக்கிறது. பையன் கொலைகாரனாகிவிடுவான் என்ற அச்சத்தைவிட, அவனையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சமே பெரிதாக இருந்திருக்கிறது.

ஒலியிலும் இதே ஒழுங்கு. குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ நடிகர்களை முடிந்தவரை ஒரே அறையில் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தார். தனித்தனியே பதிவுசெய்து ஒட்டும் முறையில் கிடைக்காத ஒன்று அதில் கிடைத்தது: ஒருவர் பேசும்போது இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பது. ஃப்ரீஸுக்குக் குரல் கொடுத்த மைக்கேல் அன்சாரா எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், உணர்ச்சியெல்லாம் உறைந்துபோனவனாகப் பேசுகிறார். அழுகை அந்தத் தட்டையான குரலுக்கு அடியில் எங்கேயோ கேட்கிறது. கெவின் கான்ராய் புரூஸுக்கு ஒரு குரலும் பேட்மேனுக்கு ஒரு குரலும் வைத்துக்கொண்டார். அவற்றுள் வேடமாக ஒலிப்பது எப்போதும் புரூஸின் உற்சாகக் குரல்தான். 2022 நவம்பரில் மறைந்த கான்ராய், அந்த ஆண்டே வெளியான ஒரு காமிக்ஸ் கதையில், தன்பாலின ஈர்ப்பாளராகத் தன்னை மறைத்துக்கொண்டு வாழ நேர்ந்த ஆண்டுகளைப் பற்றியும், அந்த முகமூடி வாழ்க்கையிலிருந்து இந்தக் குரல் எப்படி வந்தது என்பதைப் பற்றியும் எழுதினார். அதைப் படித்த பிறகு அவருடைய பேட்மேனில் இருக்கும் அமைதியை வெறும் கம்பீரம் என்று சொல்ல மனம் வராது. டேனி எல்ஃப்மேனின் முகப்பிசையைத் தாண்டி, தொடரின் இசையைக் கட்டியெழுப்பியவர் ஷெர்லி வாக்கர். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவை அமர்த்தி இசை பதிந்தார்கள், வில்லன்களுக்குத் தனித்தனி இசைக்கருக்கள் அமைத்தார்கள். குழந்தைகள் கார்ட்டூனின் கெட்டவனுக்கு ஒரு முழு வாத்தியக்குழு இரங்கல் இசைப்பது அன்றைய தொலைக்காட்சியில் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

இதெல்லாம் பால்யத்தின் மீதான ஏக்கம், பிள்ளை வயதில் பார்த்தது எல்லாமே பெரிதாகத்தான் தெரியும் என்று ஒரு தரப்பு சொல்லும். இதற்கு நான் பதில் சொல்வதைவிட இத்தொடரே சொல்லிய பதில் நன்றாக இருக்கிறது. ‘பிவேர் தி கிரே கோஸ்ட்’ என்ற அத்தியாயத்தின் பொருளே, பழைய சூப்பர்ஹீரோ தொடர் ஒன்றைத் திரும்பப் பார்ப்பதுதான். சிறுவன் புரூஸ் தன் தந்தையோடு உட்கார்ந்து பார்த்த கறுப்பு வெள்ளைத் தொடர் ‘கிரே கோஸ்ட்’. அதில் நடித்த சைமன் ட்ரென்ட் இப்போது கிழவர். அந்த ஒரு வேடத்தோடு ஒட்டிப்போனதால் வேறு வேலை கிடைக்காமல், வாடகைக்காகத் தன் பழைய உடையையே விற்கிறார். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஆடம் வெஸ்ட். 1966 முதல் 1968 வரை தொலைக்காட்சியில் பேட்மேனாக நடித்து, அந்த வேடத்தின் நிழலிலிருந்து வெளியே வர முடியாமல் தவித்தவர். அந்தப் பழைய தொடரின் வண்ணமயமான கேலியிலிருந்து எல்லா வகையிலும் விலகி நின்ற புதிய தொடர், அதன் நாயகரை அழைத்து மரியாதை செய்தது. கதையில் நகரத்தில் குண்டுகள் வெடிக்கின்றன, எல்லாம் ‘கிரே கோஸ்ட்’ தொடரின் ஓர் அத்தியாயத்தில் வந்ததைப் போலவே. செய்தவன் ஒரு பொம்மைக்கடைக்காரன். பழைய பொம்மைகள் மேல் அவனுக்குத் தீராத வெறி, இன்னும் வாங்கப் பணம் வேண்டும், அதற்காகவே பொம்மைக் கார்களில் குண்டு வைத்து அனுப்பிக் கப்பம் கேட்கிறான். அவனுக்கு முகமும் குரலும் தந்தவர் புரூஸ் டிம்மேதான். பொம்மை விற்பனையை நம்பி நடக்கும் ஒரு தொடர், பொம்மை சேர்ப்பவனை வில்லனாக்கி, படைப்பாளி தன் முகத்தையே அவனுக்குக் கொடுப்பது சாதாரணத் துணிவல்ல. ஒரே தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் இருவர். ஒருவன் அதன் பொருள்களைச் சேகரித்தான். இன்னொருவன் அது காட்டிய வழியில் நடக்கப் போனான், தன் குகையைக்கூட கிரே கோஸ்டின் குகை போலவே அமைத்துக்கொண்டான். பால்யத்தின் கலையோடு நமக்குள்ள உறவு உடைமையா கடனா என்ற கேள்வியை இதைவிட நேராக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் கிழவரிடம் கையெழுத்து வாங்கும் புரூஸ், நீங்கள் எனக்கு நாயகராக இருந்தீர்கள், இப்போதும் அப்படித்தான் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறான். அந்த வார்த்தையை பேட்மேனின் வாயிலும் ஏற்கெனவே கேட்டவர் ட்ரென்ட். அவர் முகத்தில் ஒரு புரிதல் படர்கிறது. நன்றி சொல்லப்படும் ஒரு முதியவரின் முகத்தை நிறுத்திக் காட்டும் அந்தச் சில நொடிகளுக்கு ஏக்கம் என்ற சொல் போதாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பேட்மேன் ஒரு கோடீஸ்வரன். அவன் இரவில் வெளியே போய் அடித்து வீழ்த்துபவர்களில் பலர் மனநோயாளிகள், வேலை இழந்தவர்கள், விகாரமாக்கப்பட்டவர்கள். அடித்த பிறகு அவர்களுக்காக வருந்துவது இரக்கமா, வசதியா? அதோடு ஆர்க்கம் காப்பகத்தில் யாரும் குணமாவதே இல்லை. அடுத்த அத்தியாயத்துக்கு வில்லன் வேண்டுமே. இதன் இரண்டாம் பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொடர்கதை என்ற வடிவம் தன் பிழைப்புக்காகத் தன் பாத்திரங்களின் விடுதலையைப் பலிகொடுக்கிறது. ‘ட்ரையல்’ அத்தியாயத்தில் வில்லன்களே ஆர்க்கத்தில் பேட்மேன் மீது வழக்கு நடத்துகிறார்கள், எங்களை உருவாக்கியவன் இவன் என்கிறார்கள். வாதாட நிறுத்தப்பட்ட அரசு வழக்கறிஞர் ஜேனட் வான் டோர்ன், அவர்கள் தங்களைத் தாங்களே உருவாக்கிக்கொண்டவர்கள் என்று நிரூபிக்கிறார். சாமர்த்தியமான அத்தியாயம், ஆனால் அந்தத் தீர்ப்பு தொடரின் சிறந்த கதைகளுக்கே எதிரானது. ஃப்ரீஸை உருவாக்கியது பாய்லின் கணக்குப் புத்தகம் என்று நமக்குக் காட்டியதும் இதே தொடர்தானே. இதற்கு எதிர்ப்பக்கம் ‘லாக்-அப்’ அத்தியாயம் இருக்கிறது. ஆர்க்கத்தின் பாதுகாப்பு அதிகாரி லைல் போல்டன் கைதிகளைச் சங்கிலியில் கட்டி வதைக்கிறான். விசாரணையில் ஹார்லி குவின், ஸ்கேர்குரோ, வென்ட்ரிலோக்விஸ்ட் எல்லோரும் அவன் பார்வைக்குப் பயந்து வாய்திறப்பதில்லை. அவனுடைய ஒப்பந்தத்தை இன்னும் பதினெட்டு மாதம் நீட்டிக்கலாமே என்று புரூஸ் ஒரு தூண்டில் போட, அடக்கிவைத்த அச்சமெல்லாம் உடைந்து கொட்டுகிறது. போல்டன் வெறிகொண்டு கத்தித் தன் சுயரூபத்தைத் தானே காட்டிவிடுகிறான். பிறகு, குற்றவாளிகள் மேல் மென்மை காட்டுகிறவர்கள்தான் உண்மையான எதிரிகள் என்று கூறி மேயரையும் காவல் ஆணையரையும் மருத்துவரையும் செய்தியாளரையும் கடத்துகிறான். முகமூடி போட்டுக்கொண்டு, சட்டத்துக்கு வெளியே நின்று குற்றத்தைத் தண்டிக்கும் மனிதன் என்ற வகையில் அவன் பேட்மேனின் நிழல். பேட்மேன் அவனோடு சேர மறுத்து அவனை எதிர்த்து நிற்கிறான். ஜோக்கரின் கூட்டாளியான ஹார்லிக்காகவும் ஒருவன் பேச வேண்டும், பிடிபட்டவனை வதைக்கக் கூடாது என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்ன தொடர் இது. கோடீஸ்வரனின் முஷ்டி பிரச்சினையைத் தீர்க்காது என்பது தொடரை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதைத் தீர்க்கும் வழி அவர்களிடம் இல்லை. இந்த இயலாமையை அவர்கள் வெற்றிக்கூச்சலால் மூடவில்லை என்பதே என் வாதம்.

எல்லா அத்தியாயங்களும் இந்த உயரத்தில் இல்லை. படம் வரையும் வேலை ஜப்பான், கொரியா எனப் பல ஸ்டூடியோக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒன்றில் துணியின் மடிப்பு காற்றில் உயிரோடு அசையும், அடுத்ததில் முகங்கள் மரக்கட்டையாகிவிடும். பேட்மேனைத் தங்கள் வீட்டு நிலவறையில் ஒளித்துவைக்கும் சிறுவர்களின் கதை போன்றவற்றை இன்று பார்ப்பது சிரமம். ஹார்லி குவின் விஷயத்தில் தயக்கம் இன்னும் ஆழமானது. 1992-இல் இத்தொடருக்காகவே உருவாக்கப்பட்ட இந்தப் பாத்திரம், ஜோக்கரிடம் அடிவாங்கியும் அவனிடமே திரும்பும் பெண். பல அத்தியாயங்களில் அது நகைச்சுவையாகவே கடந்துபோகிறது, அங்கே தொடரின் கண் தவறிவிட்டது. ஆனால் ‘ஹார்லீஸ் ஹாலிடே’யில் அந்தக் கண் திரும்பிவிடுகிறது. குணமானவள் என்று சான்றிதழோடு வெளியே வரும் அவள் கடையில் ஒரு உடை வாங்குகிறாள். திருட்டைத் தடுக்கும் வில்லை கழற்றப்படாததால் வாசலில் மணி அடிக்கிறது. தன்னை மீண்டும் குற்றவாளியாகப் பார்க்கிறார்கள் என்ற பீதியில் ஒன்றிலிருந்து ஒன்றாக எல்லாம் சரிந்து, இரவுக்குள் அவள் மறுபடி ஆர்க்கத்தில். ஒரு பிளாஸ்டிக் வில்லை ஒரு மனுஷியின் மீட்சியைக் கெடுத்துவிடுகிறது. சிறையிலிருந்து திரும்பியவர்களின் வாழ்வைப் பற்றி இதைவிடக் கச்சிதமாகச் சொல்வது கடினம். அவளை அழைத்துக்கொண்டு வந்து விடும் பேட்மேன், அவள் பணம் கொடுத்து வாங்கிய அந்த உடையை அவளிடமே சேர்த்துவிட்டுப் போகிறான்.

ஹார்வி டென்ட்டின் கதையும் இப்படித்தான். நகரத்தின் நேர்மையான அரசு வழக்கறிஞர், புரூஸின் நெருங்கிய நண்பன், பிள்ளைப்பருவத்திலிருந்து அடக்கிவைத்த கோபம் இன்னொரு ஆளாக உள்ளுக்குள் வளர்ந்தவன். வெடிவிபத்தில் முகத்தின் ஒரு பாதி சிதைந்த பிறகு, எதைச் செய்வதானாலும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தே செய்கிறான். இறுதி மோதலில் பேட்மேன் அவனை அடித்து வீழ்த்துவதில்லை. அவன் நாணயம் காற்றில் இருக்கும்போது, ஒரு பெட்டி நிறைய வெள்ளி நாணயங்களைக் கொட்டிக் கவிழ்க்கிறான். எது தன்னுடையது என்று தெரியாமல் தரையில் தவழ்ந்து தேடித் தேடி ஹார்வி உடைந்துபோகிறான். அவன் காதலி கிரேஸ் ஓடிவந்து மடியில் சாய்த்துக்கொள்கிறாள். தோற்றவனின் அழுகையில் முடியும் சண்டை அது. அவனுக்கு மீட்சி உண்டா என்று காவல் ஆணையர் கார்டன் கேட்கிறார். அன்பு இருக்கும் இடத்தில் நம்பிக்கைக்கு இடமுண்டு, கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தால் நல்லது என்பதுபோல் பேட்மேன் பதில் சொல்கிறான். பிறகு ஒரு நீரூற்றின் அருகே நிற்கிறான். எல்லாவற்றையும் திட்டமிட்டே செய்யும், அதிர்ஷ்டத்தை நம்பாத மனிதன், நண்பனின் பெயரைச் சொல்லி ஒரு நாணயத்தைத் தண்ணீரில் சுண்டிவிடுகிறான்.